வாத்துக்கு மடக்கிய குடை

பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தபோது, அங்கே தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஒருவர் இருந்தார். நெட்டை மனிதர்; கழுத்தும் நீளம். வீட்டுக்குப் பின்னால் அவர் வளர்த்த வெள்ளை வாத்துகளும் அப்படித்தான். மற்ற வாத்துகள் போல அசைந்து நடக்காது. போத்தலை நிறுத்தி வைத்ததுபோல நிமிர்ந்து, கூட்டமாக ஓடும். ஒன்று மிரண்டால் எல்லாம் மிரளும்.

எங்கள் தோட்டத்தில், கொட்டும் மழையானாலும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைக் கண்டால் குடையை மடக்கிவிட வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஒரு நாள் மழையோடு மூடுபனி. ரோட்டு வளைவில் வெள்ளையாக, நிமிர்ந்து ஏதோ வந்தது. பனியில் உயரமா தெரியும்? பின்னால் டீமேக்கர், குடையை மடக்கிப் பிடித்து நனைந்துகொண்டு வந்தார். சந்தேகமே இல்லை, துரைதான்! நானும் குடையை மடக்கி, ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து, "சலாங்க தொரை" என்றேன்.

குனிந்த கண்ணில் பட்டவை சப்பாத்து இல்லாத மஞ்சள் கால்கள்.

"குடைய விரிச்சா இதுங்க மெரண்டு காட்டுக்குள்ள ஓடிரும். அதான் மடக்கிட்டேன்," என்றார் டீமேக்கர். "நீங்க யாருக்குங்க மடக்குனீங்க?"

"இதுங்களுக்குத்தான்," என்றேன்.

"சலாமும் இதுங்களுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

அவர் சிரிக்கவில்லை. "ரொம்ப நல்லதுங்க," என்று வாத்துகளின் பின்னால் போய்விட்டார்.

வாத்துக்காக நனைந்த அந்த மனிதர் துரைக்காகவும் நனைவாரா என்று அறிய எனக்கு இன்றும் ஆசை. நாங்கள் இருவரும் சேர்ந்தே எத்தனையோ முறை துரைக்கு எதிர்ப்பட்டிருக்கிறோம். ஆனால் நான்தான் தலையைக் குனிந்து நின்றேனே, எங்கே பார்ப்பது!