காதர் பாயின் ஃபாலோ அப்

அம்பத்தூரில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறேன். கம்பெனி சர்வீசுக்கு அனுப்பிய காதர் பாய் வீட்டு மோட்டார் இன்னும் திரும்பவில்லை. காலையில் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ஃபாலோ அப் பண்றோம் சார்" என்றாள் போனை எடுத்த பெண். நேற்றும் அதையேதான் சொன்னாள்.

போனை வைக்கும் முன்பே காதர் பாய் கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னா நைனா, நாளைக்கு பொண்ண பாக்க வராங்க. ஊட்ல சொட்டு தண்ணி இல்ல."

இரவல் கொடுக்க வைத்திருக்கும் ஒரே மோட்டாரும் வேறொருவர் வீட்டில் ஓடுகிறது. வேறு வழியில்லாமல் சொன்னேன்: "ஃபாலோ அப் பண்றேன் பாய்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "பண்ணு. நானும் இங்கயே குந்திகினு உன்ன ஃபாலோ அப் பண்றேன்."

புது மோட்டார் வாங்க வந்த இருவர், அவரிடம் இந்த மோட்டார் கதையைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

பாய் இன்னும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது டீ சொல்லியிருக்கிறேன். எழுப்ப வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.