சுபேதாருக்கு அடித்த மொட்டை

போன வாரம் திருச்சானூர் போகிற ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டு அம்மாள் செல்போனில் ஏதோ பழைய சீரியல் பார்த்துக்கொண்டு வந்தார். காதில் மாட்டுகிற சமாச்சாரமெல்லாம் கிடையாது, ஆட்டோவுக்கே பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஷெனாய் அழுதது. அப்புறம் ஓர் இருமல். அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவனேதான், சுபேதார். அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எவ்ளோ நல்ல மனுசன், அவரு மூஞ்சிய அந்த சாமி இப்படியா பண்ணணும்?" என்று என்னிடமே கேட்டார். "சாமி பண்லம்மா, மேக்கப்மேன் பண்ணான்" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "சார், நீ முன்னாடி வந்து குந்து" என்றான். மிச்ச தூரமும் பாதி சீட்டில், பாதி காற்றில் போனேன். கோபம் வந்தால் எனக்கு முதலில் போவது உட்கார்ந்திருக்கிற இடம்தான்.

உங்களுக்கு அந்த சீரியல் ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். தமிழில் எடுத்து, தெலுங்கில் குரல் மாற்றி, இரண்டு பக்கமும் வருடக்கணக்கில் ஓட்டினார்கள். சண்டையில் பாதி முகம் வெந்துபோன ஒரு சுபேதார் ஊர் திரும்புகிறார். பெற்ற மகளே அவரைப் பார்த்துப் பயந்து அலறுகிறாள். அவர் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் தங்கிக்கொண்டு, மகளுக்குத் தெரியாமல் அவளுக்கு நல்லது செய்துகொண்டே இருக்கிறார். நடுநடுவே இருமுகிறார். கதை அவ்வளவுதான்.

நகரியில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு பவர்லூம் சத்தம் நின்றுவிடும். கரண்ட் போனால்கூட அப்படி ஒரு அமைதி வராது. எங்கள் அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுகிற கையோடு வந்து டிவி முன்னால் உட்காருவாள். நைனா சுவரில் சாய்ந்துகொண்டு வம்புக்கு இழுப்பார். "ஏம்மே, நேத்து இந்தப் பக்கம்தான வெந்துகினு இருந்திச்சி? இன்னிக்கி அந்தப் பக்கம் கீது?" நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். கன்னத்தில் ஒட்டிய அந்தத் தோல் வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறும். அம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். "நீ இன்னா மனுசன்யா? அவரு துன்னாம கொள்ளாம அந்தப் பொண்ணுக்கோசரம் அழுதுகினு கீறாரு, உனுக்கு எகத்தாளமா?" அன்றைக்கு நைனாவுக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

நான் அப்போது திருப்பதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புதுப்புடவைக் கஞ்சி வாசனையும், வருகிற சனங்கள் தலையில் பூசியிருக்கும் சந்தன வாசனையும் சேர்ந்த ஒரு வாசம் உண்டு. இன்றைக்கும் எங்காவது அது அடித்தால் என் கை தானாகப் புடவை மடிக்கப் பார்க்கும். மலையிலிருந்து மொட்டைத் தலையோடு இறங்குகிறவர்கள் நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். வேண்டுதல் தீர்ந்த சந்தோஷத்தில் பேரம் பேசமாட்டார்கள் என்பது ஓனரின் நம்பிக்கை. அவர் முகத்தில் அடிக்கிற மாதிரி பேரம் பேசுவார்கள்.

அங்கேதான் முனிரத்தினம் அண்ணன் செக்யூரிட்டியாக இருந்தார். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பெண் எடுத்து செட்டிலானது புத்தலப்பட்டில். மிலிட்டரியில் லாரி ஓட்டினவர். எல்லையில் ஏதோ சண்டையில் டீசல் டேங்க் வெடித்து இடது பக்கம் நெற்றியிலிருந்து தாடை வரை எரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து இமை மூடாது. தூங்கும்போதும் அந்தக் கண் திறந்துதான் இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சொட்டு மருந்து பாட்டில் வைத்திருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குப் பின்பக்கம் சரக்கு இறக்குகிற கேட்டில்தான் டூட்டி. முன்பக்கம் நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஓனர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் ஓனரின் சம்சாரம் பின்பக்கமாக வந்தவர் அவரைப் பார்த்துவிட்டு, "அய்யோ, மன சுபேதார்காரு!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நம்ம சுபேதாராம். மறுநாளே அண்ணனுக்கு முன்வாசல். சுபேதார் போடுகிற மாதிரியே மெரூன் தொப்பி, அதே மாதிரி பெல்ட். சனங்கள் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் புடவை பார்ப்பார்கள். "கொஞ்சம் இருமிக் காட்டுங்க" என்று கேட்ட மகராசிகளும் உண்டு.

எனக்கு அப்போதே எரிச்சலாகத்தான் இருந்தது. "இன்னாண்ணா, உன்ன பொம்மை மாதிரி நிக்க வெச்சிருக்கானுங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்தால் வலது பக்கம் மட்டும்தான் சிரிக்கும்.

"தம்பி, பஸ்ல என் பக்கத்து சீட்டு காலியாவே வரும், தெரிமா? நின்னுக்கினே வருவானுங்க, குந்தமாட்டானுங்க. இங்க பசங்க வந்து சல்யூட் அடிக்கிதுங்க. எந்த எழவு சீரியலுக்கோ அடிக்கட்டும். வாங்கிக்கறது நான்தான?"

ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிலுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். அது சீரியல் சல்யூட் இல்லை, அசல் மிலிட்டரி சல்யூட். அந்த வாசலில் நின்றபோதுதான் மனிதர் நிமிர்ந்து நின்றார். அதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன சீரியல்காரனுக்குப் புத்தி எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. நடிகருக்கு ஒட்டுத்தோல் அலர்ஜி என்றார்கள், சினிமா சான்ஸ் என்றார்கள். சுபேதாருக்கு ஆபரேஷன் என்று கதையை மாற்றினார்கள். ஆபரேஷன் வாரக்கணக்கில் நடந்தது. ஊரெல்லாம் வேண்டுதல். நகரியில் மட்டுமில்லை, சித்தூரில், புத்தூரில், எங்கே பார்த்தாலும் "சுபேதாருக்கு மொகம் நல்லாவணும், மலைக்கு வந்து முடி தர்றேன்" என்று பெண்கள் நேர்ந்துகொண்டார்கள். நான் பன்னிரண்டாவது பரீட்சை எழுதினபோது ஒரே ஒரு தேங்காய் நேர்ந்துகொண்ட எங்கள் அம்மா, சுபேதாருக்கு முழுத்தலை முடியையும் நேர்ந்துகொண்டாள். கட்டு அவிழ்த்தார்கள். உள்ளே மழமழவென்று சினிமா ஹீரோ மூஞ்சி. தெருவில் பட்டாசு வெடித்தார்கள், சாமி சத்தியமாக.

அம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனத்தோடு நேராக என் கடைக்கு வந்தாள். வாசலில் அண்ணன் நின்றிருந்தார். "இவருதாம்மா நான் சொல்வேனே, முனிரத்தினம் அண்ணன்" என்றேன். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. கண்கூடக் கலங்கிற்று.

"பாவம், உனுக்கோசரம் ஆரும் வேண்டிக்கலியா தம்பி?"

அண்ணன் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "எனுக்கு இன்னாக்கா கொறச்சலு?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த மொட்டைத் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாமா என்றிருந்தது. பெற்றவளாயிற்றே, உள்ளே கூட்டிப்போய் ஒரு சில்க் காட்டன் எடுத்துக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வாசலில் நிலைமை தலைகீழ். ஒரு பிள்ளை சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கிற்று. அப்பன் கையைப் பிடித்து இழுத்து, "இவரு ஒரிஜினல் இல்லடா, ஒரிஜினலுக்குதான் சரியாப்பூட்ச்சே" என்றான். படித்தவன் மாதிரிதான் இருந்தான். ஒரிஜினலாம்! டீசலில் வெந்தவர் நகல், பசை போட்டு ஒட்டினவன் அசல். இன்றைக்கு நினைத்தாலும் அவனை நாலு சாத்து சாத்தவேண்டும் போலிருக்கிறது.

கொஞ்ச நாளில் ஓனர் எங்கள் எல்லாருக்கும் முன்னால் வைத்தே கேட்டார்: "சீரியல்லோனே பாகைபோயிந்தி கதா, இங்கா ஈ மொகம் எந்துக்கு டோர் தக்கர?" சீரியலிலேயே குணமாகிவிட்டது, இன்னும் இந்த முகம் எதற்கு வாசலில் என்கிறார். மறுநாளிலிருந்து அண்ணனுக்குக் கீழே, அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்.

"அங்க வண்டிப் புகை சார், அவரு கண்ணு மூடாது" என்றேன். "அப்போ நீ போய் நில்லு" என்றார். "நிக்கிறேன் சார், அவர மேல வையுங்க" என்றேன். என்னைப் பார்க்கிங்கில் நிறுத்தவில்லை, பட்டு செக்‌ஷனிலிருந்து நைட்டி செக்‌ஷனுக்கு மாற்றினார். கடையை விட்டு நிற்கிற வரை நைட்டிதான் மடித்தேன்.

அண்ணன் ஈரக் கைக்குட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டு அந்தப் புகையில் நின்றார். மதியம் நான் சாப்பாட்டு டப்பாவோடு கீழே போவேன். "மேல போய்த் துன்னு தம்பி, இங்க ஒரே நாத்தம்" என்பார். ஒருமுறைகூட ஓனரைத் திட்டி நான் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கண் முதலில் சிவந்தது, அப்புறம் வெள்ளை படர்ந்தது. ஒருநாள் "ஊட்டாண்டயே இருந்துக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் வாசல்வரைகூட வரவில்லை. வாசல் வழியாகவும் அவர் போகவில்லை, வண்டி ஏறுகிற சரிவிலேயே நடந்து வெளியே போனார்.

சீரியல் முடிந்தது. கடை கைமாறி, கைமாறி, இப்போது அங்கே ஒரு லாட்ஜ். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. அம்மாவுக்கு முடி பழையபடி வளர்ந்து நரைத்தும் விட்டது. போன பொங்கலுக்குப் பேச்சுவாக்கில் கேட்டேன். "எந்த சுபேதாரு?" என்றாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நிஜமாகவே ஞாபகம் இல்லை.

முந்தாநாள் சித்தூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது புத்தலப்பட்டில் டீக்கு நிறுத்தினார்கள். டீக்கடைப் பந்தக்காலில் தெலுங்கில் ஓர் அஞ்சலி ப்ளெக்ஸ். முனிரத்தினம், எக்ஸ் ஆர்மி. பேர் அவருடையது, மீசை அவருடையது. முகம் அவருடையதில்லை. இரண்டு கன்னமும் ஒரே மாதிரி மழமழவென்று, இரண்டு கண்ணும் ஒரே மாதிரி. டீயை அப்படியே வைத்துவிட்டேன். ப்ளெக்ஸ் அடித்த கடை அடுத்த கட்டடம்தான். உள்ளே போய், "யார்யா இத மாத்துனது?" என்று கத்தினேன். அந்த ஆள் பாராட்டு என்று நினைத்துக்கொண்டான்.

"நான்தான் சார். பாதி ஃபேஸ் டேமேஜ் ஆயிருந்திச்சி. நல்ல பக்கத்த காப்பி பண்ணி இந்தப் பக்கம் ஒட்டிட்டேன். எக்ஸ்ட்ரா ஒண்ணும் வாங்கல."

"அவரு சம்சாரம் பாத்தாங்களா?"

"பாத்தாங்க சார்."

"இன்னா சொன்னாங்க?"

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இது ஆருன்னு கேட்டாங்க சார்."