மெடல் மாட்டப் போன அப்பா

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் அந்தத் தெருவில் பாதி ஆண்களுக்குக் கப்பலில்தான் பிழைப்பு. அவர்கள் மனைவிமார் தனியாகப் பிள்ளை வளர்ப்பதை ஒரு வேலையாகவே யாரும் எண்ணியதில்லை. ஆனால் நிம்ஃபா சரக்குக் கப்பலில் அதிகாரியாகப் போனதிலிருந்து, அவள் கணவன் அர்னெல் தெருவுக்கே செல்லப்பிள்ளை.

"பாவம், அப்பாவும் அவன்தான் அம்மாவும் அவன்தான்" என்று தட்டுத் தட்டாக நூடுல்ஸ் வந்தது. அந்தப் பாவப்பட்டவனும் சேவல் சண்டை பார்த்துவிட்டு வந்து சளைக்காமல் சாப்பிட்டான். சமைத்ததும் துவைத்ததும் மகள் டெஸாவைப் பள்ளிக்கு அனுப்பியதும் அவன் அக்கா டெலியா. அவளுக்கு ஒருவரும் ஒரு கரண்டிகூடக் கொடுக்கவில்லை.

பள்ளி ஆண்டு முடிவில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வீட்டார்தான் மேடையேறி மெடல் மாட்ட வேண்டும். டெஸாவின் பழைய மெடல்களை நிம்ஃபா கடலிலிருந்து ஃபோனில்தான் பார்த்திருக்கிறாள். இதையாவது தன் கையால் மாட்ட வேண்டுமென்று, கம்பெனியில் மன்றாடி முன்கூட்டியே இறங்கி வந்திருந்தாள்.

மேடைக்கு ஒருவர் மட்டும் என்றார்கள்.

"நீ நேத்து வந்தவ. வளத்தவன் அவன், அவனே போகட்டும்" என்றாள் எதிர்வீட்டு லோர்னா.

"நீ களைச்சிருப்பே, உக்காரு" என்றான் அர்னெல், டெலியா தேய்த்துக் கொடுத்த சட்டையை நீவியபடி.

கப்பலில் அத்தனை ஆண்களை அதட்டி வேலை வாங்குகிறவள், கூட்டத்தில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஊரில் இல்லாதவள் என்று சொல்லியே அவளை உட்கார வைத்துவிடலாம்.

டெஸாவின் பெயரைக் கூப்பிட்டதும் அர்னெல் மாப்பிள்ளை மாதிரி மேடையேறினான். டீச்சர் கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"நீங்க யாருங்க? வீட்டு ஆளுங்க மட்டும்தான் மேல வரலாம்."

"நான்தான் அப்பா."

"டெஸா, இவர் உங்கப்பாவா?"

டெஸா தலையாட்டினாள். அரங்கம் சிரித்தது.

"தப்பா நினைக்காதீங்க. மீட்டிங்குக்கு அவ அத்தை வருவாங்க, அம்மா கப்பல்லேர்ந்து வீடியோ கால்ல பேசுவாங்க. உங்களை நான் பாத்ததே இல்லை" என்ற டீச்சர் கூட்டத்தைத் துழாவினார். "அதோ அவங்கம்மா. நீங்க வாங்க."

நிம்ஃபா மெடலை மாட்டினாள். "எப்பம்மா திரும்பப் போறே?" என்று காதோரம் கேட்டாள் டெஸா. அவளை இறுக்கிக்கொள்ளத்தான் நிம்ஃபாவால் முடிந்தது.

மத்தியான விருந்தில் அர்னெல் தேறிவிட்டான். "அவளே மாட்டட்டும்னு நான்தான் விட்டுக்கொடுத்தேன்" என்றான்.

"என்ன பெரிய மனசு" என்று லோர்னா உருகினாள்.

"ஆமா, இவ்வளவு பெரிய மனசை வீட்டுக்குள்ள அடைச்சு வைக்கக் கூடாது" என்றாள் நிம்ஃபா. "அடுத்த தடவை கப்பலுக்கு நீங்க போங்க. நானும் கொஞ்ச நாள் இங்க உக்காந்து பாவப்பட்டவளா இருக்கேன்."

எதிரே தெரியும் கிமாராஸ் தீவுக்குப் படகேறினாலே வாந்தியெடுக்கிற அர்னெல், நூடுல்ஸ் தட்டைக் கீழே வைத்தான். டெலியா அதை எடுத்துத் தானே சாப்பிட உட்கார்ந்தாள்.