ஸ்கேன் அறையில் நான் சொல்லாமல் விட்டது

எங்கள் தேவாலயப் பங்கில் யாருக்காவது பிரெஞ்சில் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். மன்னாரில் விலங்கியல் படிப்பித்தவன் நான்; மொன்றியலுக்கு வந்தபின் மாலை வகுப்புகளில் பிரெஞ்சு படித்தேன். "மாஸ்டர் கதைச்சால் இஞ்சத்தை வெள்ளைக்காரனே தன்ர பிழையைத் திருத்துவான்" என்று கோயில் வாசலில் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

அந்தப் பெருமையோடுதான் மருமகளின் ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போனேன். மகன் நெடுந்தூர லொறி ஓட்டுகிறவன். அன்று எங்கோ ஒன்ராறியோவில் நின்றான். அவள் ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பிரெஞ்சு தெரியாது.

மருத்துவர் திரையில் ஒரு கரிய வட்டத்தைக் காட்டினார். பிள்ளையின் குடலோடு ஒட்டி, குடலைப் போலவே சுவர் கொண்ட ஒரு சிறு பை, உள்ளே நீர். பிறவியில் வருவது. பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்குப் பிறந்ததும் குடலை அடைத்துவிடும். அடுத்த மாதம் மறுபடி பார்க்கவேண்டும், பிறந்தவுடன் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும் என்றார்.

"என்னவாம் மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை. வடிவா வளருதாம்."

"இதுக்கோ இவ்வளவு நேரம் கதைச்சவ?"

"இவையள் ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல்லுக் கதைப்பினம்."

அவள் சிரித்தாள்.

பிள்ளைத்தாய்ச்சிக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். இப்போது அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. மகனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் களைத்து வந்தான், தூங்கினான், போனான். அடுத்த ஸ்கேனைத் தள்ளிவைத்தேன். அதற்கிடையில் நகரின் மறுகோடியில் இருக்கும் ரொக்ஸ்பரோவுக்கு வீடு மாறினோம். புதிய மருத்துவர், முந்தைய ஸ்கேனில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அவளைக் கேட்காமலே, எல்லாம் நன்றாக இருந்தது என்று நானே பதில் சொன்னேன். உண்மையைச் சொன்னால், இது ஏன் தாய்க்கே தெரியாது என்று கேட்பார். அந்த வெட்கத்துக்குப் பயந்தேன்.

பெண் குழந்தை. இரண்டாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூன்றாம் நாள் காலையில் நான் ஜான்-டலோன் சந்தைக்குப் போய், மத்தியானம் தாண்டித்தான் திரும்பினேன்.

"நீங்கள் போன நேரம் தொடக்கம் சத்தி எடுக்கிறாள் மாமா. முதல் மஞ்சள், இப்ப பச்சை. பால் ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

வயிறு வீங்கியிருந்தது. உடனே அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தால் காலையிலேயே கூப்பிட்டிருப்பாள்.

பிறப்பதற்கு முன் ஏதாவது தெரிந்ததா என்று அறுவை மருத்துவர் கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு சொல் விடாமல் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"இல்லை. அப்பிடித்தானே மாமா?"

"ஓம்" என்றேன்.

அந்தப் பை பெருத்துக் குடலை அடைத்து, முறுக்கியும் விட்டிருந்தது. குடலில் பெரும்பகுதி கறுத்துப்போய்விட்டது, வெட்டி எடுத்தார்கள். பிள்ளை பத்தொன்பது நாள்தான் உயிரோடு இருந்தாள்.

அதன் பிறகு மருமகள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வீடு மாறேக்கை நான் அரிசி மூட்டை தூக்கினனான். அதாலதான்."

"அதால வராது பிள்ளை. இது கருவிலேயே வாறது."

"நீங்கள் என்ர மனம் ஆறச் சொல்லுறியள்."

வீடு மாறுவதற்கு முன்பே அந்தப் பை இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சான்றுதான் இருந்தது. அதைச் சொல்லாமல் இரண்டு வருடம் அவளோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டேன்.

சென்ற மாரியில் அவள் மறுபடி கருவுற்றாள். தண்ணீர்க் கேத்திலைக்கூடத் தூக்கமாட்டாள். படி இறங்கப் பயந்து அறைக்குள்ளேயே இருந்தாள். ஸ்கேனுக்குத் திகதி வந்தபோது, "மாமா, நீங்கள் வாறியள்தானே?" என்று கேட்டாள்.

அப்போதுதான் சொன்னேன். குசினியில் அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "வீடு மாற முன்னமே இருந்ததோ?" என்றாள்.

"ஓம். இரண்டு மாதத்துக்கு முன்னமே."

"ரெண்டு தரம் உங்களிட்ட கேட்டனான்."

"ஓம்."

"உங்கட மகனுக்கும் நீங்களே சொல்லுங்கோ. நான் மொழிபெயர்க்க மாட்டன்."

சனிக்கிழமை அவன் வந்ததும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, எழுந்து போய்க் குளித்தான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஸ்கேனுக்கு இருவரும் தனியாகப் போனார்கள். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் கேட்டு எடுத்தார்களாம். திரும்பி வந்தபோது மருமகள் தேத்தண்ணிக்குத் தானே கேத்திலைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். அவர்களிடம் ஒன்றும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்பது, மகன் தன் சிநேகிதனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது பக்கத்து அறையில் இருந்த என் காதில் விழுந்தது.