சுவருக்குப் போர்த்திய துணி

வீட்டில் அவளுக்குச் சிக்கு என்று பெயர். சின்ன வயதில் சிக்கிக்கொண்ட நூலை யார் வெட்டப் போனாலும் கையைத் தட்டிவிட்டு, தானே உட்கார்ந்து பிரிப்பாளாம். அப்படிப்பட்டவளைப் போர்வை ஆலையில் வேலைக்குச் சேர்த்தால் ஆலை என்னத்துக்கு ஆகும்?

கோடு போட்ட துணி நெய்யச் சொன்னார்கள். நெய்தாள். கோடு பாதி வழியில் சலித்துப்போய் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அடுத்ததில் பழைய மின்கம்பி, மீன்வலை நூல், நடுவே வேண்டுமென்றே விட்ட பெரிய ஓட்டை. மேஸ்திரி துணியைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக அவளைப் பார்த்தார்.

“இதை யாரும்மா போத்திக்குவா?”

“செவுரு.”

“குளிருதுன்னு செவுரு உங்கிட்ட வந்து சொல்லுச்சா?”

சுவரில் தொங்கவென்றே துணி நெய்த முதல் ஆள் அந்த ஊரில் அவள்தான். வேலையை விட்டாள். முன்னறை முழுக்கத் தறி. தங்கையின் தையல் மெஷின் சமையலறை வாசலுக்கு ஒதுங்கியது. வருகிறவர்கள் முடிந்த துணியைப் பார்த்து, “முடிஞ்சதும் சொல்லுங்க, வந்து பாக்குறோம்” என்று நழுவினார்கள்.

ஒருவழியாக ஓவியக்கூடம் ஒன்று கண்காட்சிக்கு ஒரு சுவர் கொடுத்தது.

“இதுவும் ஊத்திக்கிச்சுன்னா திரும்ப ஆலைக்கே போயிடுறேன்டி” என்றாள் சிக்கு தங்கையிடம்.

துணியின் கீழ்விளிம்பில் மழை மாதிரி நீள நீளமாக நூல்களை விட்டிருந்தாள். கண்காட்சியன்று காலை குளித்துவிட்டு வந்தால், மழை நின்றிருந்தது.

“நூலெல்லாம் அப்படியே தொங்குதுக்கா. அவசரத்துல மறந்துட்ட போல. வெட்டி, ஓரம் மடிச்சு அடிச்சுட்டேன்” என்றாள் தங்கை. பிசிறோடு ஒரு துணியை வெளியே அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. முகமெல்லாம் பெருமை.

சிக்கு தறிப்பலகையில் தொப்பென்று உட்கார்ந்தாள். மடித்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் மடிச்சிருக்க. வெட்டுனதெல்லாம் எங்க?”

“குப்பைக்கூடையில.”

தங்கையையும் கூட்டிக்கொண்டு, கூடையோடு ஓவியக்கூடத்துக்குப் போனாள். ஓரம் மடித்த துணியைச் சுவரில் மாட்டி, வெட்டுப்பட்ட நூலை அதன் காலடியில் குவித்தாள். முடிவெட்டிக்கொண்டு நிற்பவன் மாதிரி நின்றது துணி. வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் நகரவில்லை. கூடத்துக்காரர் அருகில் வந்து, “அடுத்த வருஷம் நாலு செவுரும் உங்களுக்குத்தான்” என்றார்.

அதற்குள் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டார். தங்கை குறுக்கே பாய்ந்தாள்.

“தொடாதீங்க.”

“குப்பைம்மா.”

“எங்கக்கா நெய்தது. கொஞ்சம் கீழ விழுந்திருக்கு, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு, குனிந்து குவியலை ஓரம் தட்டிச் சரிசெய்தாள். அழகாக இருந்ததைக் கெடுத்துத் தொலைத்தாள். சிக்கு பார்த்துக்கொண்டே இருந்தாள்.