நாற்பத்தாறு பேர் பஸ்ஸில், நான் ரயிலில்: லின்டன்பெக் போய்வந்த கதை

மைதானத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாயைத் திறக்காமல் நிற்க, நான் ஒருவன் மட்டும் "அடியடா, அடி!" என்று தமிழில் கத்தினேன். பந்து வெளியே போய்விட்டது. என் குரல் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி என்னிடமே வந்தது. அக்கம்பக்கத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. முதல் பன்னிரண்டு நிமிடம் யாரும் சத்தம் போடக்கூடாது என்று ரசிகர்கள் முடிவெடுத்திருந்தார்களாம். தங்கள் உதைபந்தாட்டக் கழகத்தை ஊரைவிட்டுக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்பதற்கான எதிர்ப்பு அது. வாசலில் அதைச் சொல்லித் துண்டுப்பிரசுரம் தந்தார்கள்தான். நான் அதை நாலாக மடித்து, கடுகு சிந்தாமல் இருக்க சொசேஜுக்குக் கீழே பிடித்திருந்தேன்.

இது நடந்தது போன மாதம் ஒரு சனிக்கிழமை. இந்தப் பக்கத்தைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் ஜெர்மனியில், ஹம் நகரில், அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கொம்பனியில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைவிட்டது, அல்லது நான் அதைக் கைவிட்டேன். ரயிலில் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றி எழுதுவேன். எழுத்துப் பிழைகளை மகள் மதுரா திருத்துவாள். இந்த முறை அவளிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பயணக் கட்டுரையில் ஊர்ப் பெயரை மாற்றுகிறவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரமும் தூரமும் விலையும் சரியானவை.

எங்கள் முதலாளிதான் லின்டன்பெக் உதைபந்தாட்டக் கழகத்துக்கும் பணம் போடுகிறவர். போன நத்தார்ப் பண்டிகைக்கு வழக்கமான வைன் போத்தலோடு ஆளுக்கொரு கழகச் சட்டையும் தந்தார்கள். கொண்டுவந்து தந்தவர் எங்கள் வேலைநேரப் பொறுப்பாளர் பாலா அண்ணை.

"இதென்ன அண்ணை, படிவமும் இருக்கு?"

"அது சட்டையோட வாறது. கையெழுத்தை வையும் ஐசே. வீட்டை எழுதித் தாரும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

வைத்தேன். அது ஒரு வருடத்துக்கான இலவச அங்கத்துவம். எதற்கென்று எனக்கு விளங்க நாலு மாதம் பிடித்தது. இந்த நாட்டில் ஒரு கழகம் அதன் அங்கத்தவர்களுக்குச் சொந்தம். பணம் போடுகிறவர் நினைத்தபடி தூக்கிக்கொண்டு போக ஏலாது. கூட்டம் கூட்டி, வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். முதலாளியின் திட்டம், முதலாவது அணியை எழுபத்துநாலு கிலோமீற்றர் தள்ளி ஒரு பெரிய நகரத்துப் புது மைதானத்துக்கு மாற்றி, அந்த நகரத்தின் பெயரையும் முன்னால் ஒட்டுவது. சிறுவர் அணிகள் ஊரிலேயே இருக்கலாம்.

கூட்டத்துக்குக் கொம்பனி பஸ் விட்டது. சாப்பாடும் உண்டு.

"கையைத் தூக்கிறது, சாப்பிடுறது, வாறது. அவ்வளவுதான்," என்றார் பாலா அண்ணை. பிறகு, போகிறபோக்கில், "மதுராவின்ர அலுவலும் இருக்கல்லோ?" என்றார்.

மதுரா எங்கள் கொம்பனி அலுவலகத்தில்தான் அவுஸ்பில்டுங் செய்கிறாள், தொழிற்பயிற்சி. ஜூலையில் முடிகிறது. அதன்பிறகு வேலைக்கு வைத்துக்கொள்வதா இல்லையா என்பதை அவர்கள் இன்னும் சொல்லவில்லை. பாலா அண்ணை அதைச் சும்மாதான் சொன்னார் என்று நினைக்கிறேன். சும்மா சொன்னதுபோல இருந்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

மலைப்பாதையில் பஸ் ஏறினால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். அதோடு மட்சையும் பார்த்துவிடலாம் என்று ரயிலில் கிளம்பினேன். ஹம்மில் 9.14க்கு ஏறினால் ஐம்பத்திரண்டு நிமிடம். இறங்கி மாற ஒன்பது நிமிடம்தான் இருக்கிறது, மேடை எதிர்ப்பக்கம், ஓடத் தேவையில்லை. அடுத்த சின்ன ரயில் முப்பத்தெட்டு நிமிடம். வலது பக்கம் இருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். பிறகு பதினொரு கிலோமீற்றர் உள்ளூர் பஸ், இருபத்துமூன்று நிமிடம். மாதச் சீட்டு வைத்திருந்தால் எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

அந்த உள்ளூர் பஸ்ஸில்தான் சந்தேகம் தொடங்கியது. சாரதி, அறுபது வயதிருக்கும், என் சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பேசியது ஜெர்மன். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"எங்கை?"

"மைதானத்துக்கு."

"உங்கட ஆக்களுக்குத் தனி பஸ் வருதாமே. இதிலை ஏன் வாறியள்?"

எனக்குத் திக்கென்றது. கொம்பனி பஸ் வருவது இவருக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? என்னைப் பற்றி வேறு என்ன தெரியும்? பின்னால் போய் இருந்தேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்ப்பதை நான் பார்த்தேன், நான் பார்ப்பதை அவர் பார்த்தார். பதினொரு கிலோமீற்றரும் இப்படியே போனது.

லின்டன்பெக் ஒரே தெரு. ஒரு தேவாலயம், ஒரு மருந்துக்கடை, ஆறு, அதற்கு அப்பால் மைதானத்தின் நாலு விளக்குக் கம்பங்கள். யன்னல்களில் பச்சைத் துணி தொங்கியது, "இங்கே மட்டும்" என்று எழுதி. ரொட்டி விற்கும் வெதுப்பகத்தில் உட்கார்ந்து குடிக்கக் கோப்பி கேட்டேன். 2 யூரோ 20 சதம். கடைக்காரப் பெண் அதைக் கடதாசிக் குவளையில் ஊற்றி மூடியும் போட்டுத் தந்தாள், எழும்பிப் போ என்பதுபோல. முப்பத்துமூன்று வருடம் இந்த நாட்டில் இருக்கிறவனுக்கு அந்தப் பார்வை பழக்கம். தோலைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவர்கள் பார்த்தது சட்டையை. முதலாளியின் கொம்பனிப் பெயர் போட்ட அந்தப் புதுச் சட்டையை ஊரில் ஒருவரும் போடுவதில்லையாம். நான்தான் இஸ்திரி போட்டு, நெஞ்சில் அந்தப் பெயர் பளிச்சென்று தெரிய, தெரு நீளத்துக்கு நடந்திருக்கிறேன்.

இதைச் சொன்னவர் அந்தச் சாரதிதான். பெயர் யூர்கன். காலை வேலை முடித்து, மைதானத்தில் கோலுக்குப் பின்னால் நிற்கும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். (அங்கத்தவருக்கு அனுமதி 7 யூரோ. சொசேஜ் 3.50.) தற்செயலாக நின்றாரா, காவலுக்கு நின்றாரா, தெரியாது. நான் கத்திய கத்தலுக்குப் பிறகு காவல்தான் என்று முடிவுகட்டினேன்.

"எவ்வளவு தந்தவங்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை. சட்டை. பிறகு ஒரு சாப்பாடு."

"என்ன சாப்பாடு?"

"இன்னும் சொல்லேல்லை."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எங்கட கோல்காப்பாளர் பேர் என்ன, சொல்லுங்கோ பாப்பம்."

முன்னால் நின்றவரின் முதுகில் இருந்த பெயரை வாசித்தேன்.

"அது அவரின்ர சொந்தப் பேர். அவர் தச்சுவேலை."

மைதானத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் "நீ" என்றுதான் பேசுகிறார்கள், மருத்துவரும் சரி, குப்பைவண்டிக்காரரும் சரி. என்னோடு மட்டும் "நீங்கள்". அந்த மரியாதை முள்ளாகக் குத்தியது.

இடைவேளையில் அவரே சொன்னார். "சனிக்கிழமை இந்த ஊருக்கு ஏன் பஸ் ஓடுது எண்டு நினைக்கிறீங்கள்? மட்ச் இருக்கிறபடியால். வெதுப்பகம் பின்னேரம் திறக்கிறதும் அதுக்குத்தான். இதை எடுத்தா சனியும் ஞாயிறு மாதிரித்தான். நான் நாற்பது வருஷமா இதே படியில நிக்கிறன். எழுபத்துநாலு கிலோமீற்றர் போய் ஆரின்ரையோ ஊரில கதிரையில இருந்து பாக்க எனக்கு ஏலாது."

எழுபத்தெட்டாவது நிமிடத்தில் லின்டன்பெக் ஒரு கோல் போட்டது. நான் யூர்கனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவர் என் தோளில் ஓங்கித் தட்டி, "நீ பரவாயில்லை," என்றார். நீ!

கூட்டம் 16.30க்கு, ஊரின் துப்பாக்கிச் சங்க மண்டபத்தில். சுவர் முழுக்க ஒவ்வொரு வருடமும் சுட்டு வென்றவர்களின் படங்கள். கொம்பனி பஸ் வந்தது. நாற்பத்தாறு பேர், எல்லோரும் சட்டையை ஜக்கட்டால் மூடிக்கொண்டு இறங்கினார்கள். யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் சொல்லவில்லை. பாலா அண்ணை முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்துக் கையைக் காட்டினார். கழிப்பறைக்குக் கிட்ட இருப்பது நல்லது என்று சைகை காட்டி, பின்வரிசையில் யூர்கனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

முதலாளி நன்றாகத்தான் பேசினார். விளக்குகள் போதாது, அடுத்த லீக் போனால் இந்த மைதானத்துக்கு அனுமதி இல்லை, இப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் கழகமே இல்லை. பொய் மாதிரித் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் கத்தினார்கள், சிலர் அழுதார்கள். பிறகு ஒருவர் எழும்பி, இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்பாடா என்றிருந்தது. யாருக்கும் தெரியாமல் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போகலாம். மதுராவுக்கும் ஒன்றும் வராது.

வாக்குச் சீட்டு வந்தது. ஆம், இல்லை, இரண்டு வட்டங்கள். வலது கீழ் மூலையில், எறும்பு அளவில், ஓர் எண்: 4471.

ஜெர்மனியில் எண் போட்ட தாள் எதுவும் என்னைத் தேடி வராமல் இருந்ததில்லை. அகதி விண்ணப்பத்துக்கு ஓர் எண். விசாவுக்கு ஓர் எண். வரிக்கு, வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் பணத்துக்கு. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் முதலில் எண்ணைத்தான் கேட்பார்கள், பிறகுதான் பெயர். அந்தச் சீட்டைத் தடவிப் பார்த்தேன். தாள் எங்கள் கொம்பனித் தாள் மாதிரியே இருந்தது. இரகசியமாம்! பேய்க்காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். இடது கையால் மறைத்துக்கொண்டு, ஆம் என்ற வட்டத்தில் புள்ளடி போட்டேன். யூர்கன் தன் சீட்டை மறைக்கவேயில்லை.

எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் கோப்பி வாங்கப் போனேன். மேசைக்குப் பின்னால் நின்ற பெண் யார் எத்தனை குவளை வாங்கினார்கள் என்று மிஞ்சிய வாக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். 4471. அடுத்ததைத் திருப்பினேன். 4471. அதற்கடுத்ததும் அதேதான். அச்சகத்துப் படிவ எண். எல்லோருடைய சீட்டிலும் ஒரே எண். "பால் வேணுமோ?" என்று அவள் கேட்டாள். இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் எனக்குக் கேட்டது.

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒன்பது வாக்கு. கழகம் போகிறது. ஊர்க்காரர்கள் எழும்பினார்கள். ஒரு கதிரை விழுந்தது.

என் ஒரு வாக்கால் ஒன்றும் மாறியிருக்காது என்று உடனே கணக்குப் போட்டேன். பஸ்ஸில் வந்த நாற்பத்தாறு பேரும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

"ஏறும் ஐசே, சாப்பாடு போற வழியில ஒழுங்கு," என்று பாலா அண்ணை வாசலில் நின்று கூப்பிட்டார். பசியில்லை அண்ணை, ரயிலில் வாறன் என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். அந்தப் பார்வையையும் சந்தேகப்பட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: இந்தப் பருவம் முடியும்வரை மட்ச் அங்கேதான் நடக்கும், அதற்குள் போய்வாருங்கள். சாதாரண உடுப்பில் போங்கள். வாசலில் தரும் தாளை வாசியுங்கள். வெதுப்பகத்தில் சட்டை இல்லாமல், அதாவது அந்தச் சட்டை இல்லாமல், போனால் பீங்கான் கோப்பையில் கோப்பி கிடைக்கும் என்று நம்புகிறேன். எந்த வேலையிடத்தில் எந்தப் படிவம் தந்தாலும், சட்டையோடு வந்தாலும் சரி, போத்தலோடு வந்தாலும் சரி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்த பிறகு கையெழுத்து வையுங்கள். முக்கியமாக, சனிக்கிழமை கடைசி பஸ் 17.50க்குப் போய்விடும். எனக்கு அது தெரிந்தது 18.35க்கு. பஸ் தரிப்பிடத்தில் தனியே நின்றேன்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். யூர்கன் தன் பழைய காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். பதினொரு கிலோமீற்றரும் வானொலி போடவில்லை. ரயில் நிலையத்தில் நிறுத்திய பிறகு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி பேசினார்.

"பஸ்ஸில வந்தவையில எனக்குக் கோபமில்லை. அவைக்கும் பிள்ளை குட்டி இருக்கும். ஆனா நீ எங்களோடதான் வாக்குப் போட்டனி. எனக்குத் தெரியும். நாற்பது வருஷமா ஆக்களை ஏத்தி இறக்கிறன்."

சீட்பெல்ட்டைக் கழற்றினேன். நன்றி என்றேன். கவனமாகப் போகச் சொன்னேன். ரயிலுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. நான் ஆம் என்றுதான் போட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.