பன்னிரண்டு நாள் லீவு

டொக்டரைப் பார்க்க நம்பர் எடுப்பதென்றால் கலாராணி தேயிலை மலையில் ஒரு பாறைமேல் ஏற வேண்டும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அவள் கொழுந்து எடுக்கும் மலையில் போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் வருவது அந்த ஒரு இடத்தில்தான். பதுளை டவுனில் பின்னேரம் நோயாளர் பார்க்கும் பெண் டொக்டருக்குக் காலை எட்டு மணிக்கு நம்பர் கொடுக்கத் தொடங்குவார்கள். எட்டரைக்கு எடுத்தால் முப்பத்தைந்தாம் நம்பர் கிடைக்கும். முப்பத்தைந்தாம் நம்பரைக் கூப்பிட இரவு ஏழு, ஏழரை ஆகிவிடும். தோட்டத்துக்குக் கடைசி பஸ்ஸோ ஆறு மணிக்கு. அந்த நம்பரை எடுத்தாலும் ஒன்றுதான், எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். இது விளங்குவதற்குள் அவளுக்கு இரண்டு பயணம் வீணாய்ப் போயிருந்தது.

மூன்றாம் முறை எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாறையில் ஏறினாள். கீழே கங்காணி இராமையா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னா புள்ள, காலங்காத்தால யாருக்குப் போனு? கொழுந்து தானா வந்து கூடையில விழுமா?"

"தங்கச்சி வீட்டுல ஒரு அவசரம் கங்காணி. ரெண்டு நிமிசம்."

அவளுக்குத் தங்கச்சியே கிடையாது. ஆனால் மருத்துவ விஷயத்தை அந்த மலையில் வாய்விட்டுச் சொன்னால் பத்துமணித் தேத்தண்ணிக்குள் அது தோட்டம் முழுக்கப் போய்விடும். பதினேழு தடவை அழுத்திய பிறகு லைன் கிடைத்தது. நம்பர் ஆறு. அவளுக்குப் பாறையில் நின்று ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. கங்காணி பார்த்துக்கொண்டிருந்ததால் இறங்கிப் போய்க் கொழுந்தெடுத்தாள்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கல்யாணமாகி ஏழு வருடம். புருஷன் தினேசுக்குக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரே காம்பராவில், தினேசின் அம்மா பாக்கியலெட்சுமியோடும் தம்பி குடும்பத்தோடும். ராத்திரியில் யாராவது புரண்டு படுத்தால் மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். இந்த நெருக்கத்துக்குள் ஒரு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வர வேண்டாம், சொந்த வீடு வரட்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்து மருத்துவிச்சி மிஸ்ஸியிடம் போய்க் கலாராணி கருத்தடை ஊசி போட்டுக்கொண்டாள். ஐந்து வருடம் ஒரு தவணைகூடத் தவறவிடவில்லை. அவ்வளவு பொறுப்பானவள்.

பிறகு வீடு வந்தது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு, இரண்டு அறை, சமைக்கக் குசினி. பால் காய்ச்சிய மாதமே ஊசியை நிறுத்தினாள். தினேஸ் பால் காய்ச்ச வந்துவிட்டு மறுநாள் போய்விட்டான். இரண்டு அறையில் ஒன்றில் அவள் படுத்தாள். மற்ற அறையில் யார் படுப்பது? ஒருவருமில்லை. லயத்தில் இருந்தபோது எப்போது தனியாகக் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று ஏங்கியவள், இப்போது ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சோறு தின்றாள். தனிவீடு, தனிவீடு என்று ஆசைப்பட்டதில் தனி மட்டும் முழுசாகக் கிடைத்திருந்தது.

இரண்டு மாதம் போகும் முன்னே கேள்வி தொடங்கிவிட்டது. "என்னா கலா, விசேஷம் ஒண்ணும் இல்லயா?" தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்டார்கள். கேட்பவர்களுக்கு அது சுகம் விசாரிப்பது மாதிரி. பதில் சொல்பவள் குடம் நிரம்பும் முன்னே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மிஸ்ஸியிடம் போனாள். ஊசியை விட்டால் உடம்பு பழைய நிலைக்கு வர ஒரு வருடம்கூட ஆகும், பயப்படாதே என்றார் மிஸ்ஸி. அது உண்மைதான். பத்தாம் மாதம் மாதநாள் ஒழுங்காக வரத் தொடங்கியது. அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்காததால் கடிதம் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனாள். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சரி என்றார்கள், அடுத்த தடவை புருஷனோடு வரச் சொன்னார்கள். தினேசுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த தேதிக்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் நடுவில் மூன்று மாதம் ஓடியது.

அங்கே முதல் நாளே ஒரு தாதி பேப்பரில் எழுதிக்கொண்டே கேட்டார், "புருஷன் ஒங்களோடதானே?" கலாராணி, "ஆமா மிஸ்" என்றாள். புருஷன் கூட இல்லை என்று சொன்னால் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். சுற்றிவர ஜோடி ஜோடியாய் உட்கார்ந்திருந்தார்கள். தாதியும் ஆமாம் என்று எழுதிக்கொண்டார். அந்த ஒரு ஆமாவால் ஒரு வருடம் போனது.

தினேஸ் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவனுக்கும் பிள்ளை வேண்டும். அவனுக்குத் தெரிந்த வழியில் அவனும் பாடுபட்டான். தோட்டத்து மாரியம்மனுக்குப் பறவைக்காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டான். அம்மா பாக்கியலெட்சுமிதான் சொல்லிக் கொடுத்தாள், மூன்று வருடம் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று. காப்புக் கட்டியதிலிருந்து மஞ்சள் நீராட்டுவரை பன்னிரண்டு நாள். கடையில் அவ்வளவு நாள் சும்மா விடமாட்டார்கள். ஆகவே மாதாமாதம் கிடைக்கும் லீவை எடுக்காமல் சேர்த்துச் சேர்த்து, வைகாசித் திருவிழாவுக்கு மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டு வருடம் எடுத்தாயிற்று. இது மூன்றாவது.

அன்று பின்னேரம் ஆறாம் நம்பரை நாலேகாலுக்கே கூப்பிட்டுவிட்டார்கள். டொக்டர் றின்ஸா தலையில் முக்காடு போட்ட நடுவயதுக்காரி. கிளினிக் பேப்பர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு. ஹஸ்பண்ட் வரல்லியா?"

"கொழும்புல வேலைங்க டொக்டர்."

பேனா நின்றது. "இதில அவர் ஒங்களோட ஒண்டா இருக்கிறதா எழுதியிருக்கே?"

கலாராணி முந்தானை நுனியைத் திருகினாள். டொக்டர் அவசரப்படவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தும் அவசரப்படவில்லை. அதுதான் கலாராணியின் வாயைத் திறக்கவைத்தது. தாதியிடம் பயந்து ஆமா என்றதைச் சொன்னாள்.

"சரி. போன வருஷத்தில அவர் எத்தின நாள் வீட்டில நிண்டார்?" என்று கேட்டார் டொக்டர்.

"தீவாளிக்கு ரெண்டு ராத்திரிங்க. அப்ப எனக்கு மாச நாளு. பொங்கலுக்கு லீவு குடுக்கல. சித்திரைக்கு ஒரு ராத்திரி. திருவிழாவுக்குப் பன்னெண்டு நாள் இருந்தாருங்க."

"அப்ப பன்னெண்டு நாள் இருந்திருக்காரே."

"அது... காப்புக் கட்டிருந்தாருங்க. வெரதம். கோயில் மடுவத்துல படுத்துக்குவாரு. வீட்டுக்குள்ளயே வரமாட்டாரு. சோறு நான் கொண்டு போய்க் குடுப்பேன்."

"முடிஞ்ச பிறகு?"

"மஞ்ச நீராட்டு முடிஞ்ச கையோட பஸ் ஏறிப் போயிட்டாருங்க. லீவு முடிஞ்சிரிச்சி."

"எதுக்காக இந்தக் காவடி?"

"புள்ளைக்காகங்க."

கதவோரம் நின்ற உதவிப் பெண் சட்டென்று குனிந்து எதையோ தேடுவது போல முகத்தை மறைத்துக்கொண்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. கலாராணிக்கு அப்போதுதான், தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டபோதுதான், கணக்கு விளங்கியது. ஒரு வருடத்தில் ஒரு ராத்திரி. இதற்காகவா இரத்தம் கொடுத்தாள், இதற்காகவா பாறைமேல் ஏறினாள்? வெட்கத்தில் காது சுட்டது. அதற்குப் பின்னால் அழுகையும் வந்தது.

"ஒங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல மகள்" என்றார் டொக்டர். மாதநாள் தேதியைக் கேட்டு ஒரு பேப்பர் துண்டில் எழுதினார். அடுத்த மாதம் பதினான்கிலிருந்து இருபத்திரண்டுவரை. "இந்த நாள்கள்ல ரெண்டு பேரும் ஒண்டா இருக்கணும். அவருக்கும் ஒரு டெஸ்ட் எழுதுறன், வாற நேரம் செய்யச் சொல்லுங்க."

பதின்மூன்றாம் தேதி காப்புக் கட்டு. லீவு ஏற்கெனவே கிடைத்தாயிற்று. அவன் வருவது நிச்சயம். காப்பை மட்டும் கட்டாமல் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்று போன் எடுத்தாள். பின்னால் தட்டும் கரண்டியும் மோதும் சத்தத்தோடு தினேஸ் பேசினான்.

"என்னா சொன்னாங்க? மருந்து ஏதும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஒங்களத்தான் எழுதிக் குடுத்துருக்காங்க."

அவனுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னாள். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் பாதியை முழுங்கி முழுங்கிச் சொன்னாள்.

"நேந்தது கலா. மூணாவது வருசம். இப்ப விட்டா சாமி குத்தம்னு சொல்லுவாங்க."

"சாமிக்கு அடுத்த வருசமும் எடுக்கலாம். எனக்கு வயசு ஏறுது. ஏங்க, நான் ஒருநாளாச்சும் ஒங்கள வாங்கன்னு கேட்டுருக்கேனா? இப்ப கேக்குறேன்."

அவன் யோசித்தான். "சரி, கட்டல. ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிரு. என்னால ஏலாது."

ஆம்பிளை. வாயில் அலகு குத்திக்கொள்வான், முதுகில் கொக்கி மாட்டித் தொங்குவான், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மறுநாள் கலாராணி லயத்துக்குப் போனாள். பாக்கியலெட்சுமி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராக்காரிகளும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டால் இன்னும் பெரிய கதையாகும் என்று நின்ற இடத்திலேயே சொன்னாள்.

"அத்தே, இந்த வருசம் அவரு காவடி எடுக்கலயாம்."

"ஏன்? லீவு இல்லயா?"

"லீவு இருக்கு. வீட்டுல என்கூட இருக்கப் போறாரு. டொக்டர் சொல்லிருக்காங்க."

முறம் நின்றது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பாக்கியலெட்சுமி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெக்கங்கெட்டவளே" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு குழாயடியில் விசேஷமா என்று கேட்பவர்களும் கேட்கவில்லை. கலாராணி போனால் பேச்சு நின்றது. கேள்வி தொல்லை என்று நினைத்திருந்தாள், கேட்பாரில்லாமல் இருப்பது அதைவிடத் தொல்லையாய் இருந்தது.

தினேஸ் வந்தான். தோட்டம் முழுக்கத் தப்படித்துக் காப்புக் கட்டியபோது அவர்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். போனில் தினமும் பேசியவர்கள்தான். நேரில் அவன் நாற்காலி நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் அவள் தட்டையும் சேர்த்து எடுத்துப் போய்க் கழுவினான். கடைப் பழக்கம். மூன்றாம் நாள் அவனே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். நிறையச் சீனி. அவள் சீனியை விட்டு நாலு வருடம். சொல்லாமல் முழுதும் குடித்தாள். ஐந்தாம் நாள் அவள் பாறையில் ஏறி நம்பர் எடுத்த கதையைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்படி அவன் சிரித்து அவள் பார்த்து எத்தனை காலம். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரேடியோ போடவில்லை. டெஸ்ட்டுக்கும் போய் வந்தார்கள், முதன்முதலாக அவளும் ஜோடியாய் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"நாள் தள்ளிப் போனா ஒடனே சொல்லு" என்றான். "மொதலாளி கால்ல விழுந்தாவது லீவு வாங்கிட்டு வந்துருவேன்."

"தள்ளிப் போகாட்டி?"

அவன் பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினான். பஸ் வருகிறதா என்று வளைவைப் பார்த்தான்.

"அப்பயும் சொல்லு" என்றான்.

பஸ் வந்தது, ஏறினான், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கை காட்டினான். அவளும் காட்டினாள். தள்ளிப் போனால் வருகிறேன் என்றவன், போகாவிட்டால் சொல் என்று மட்டும்தான் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் கலாராணிக்குத் தெரிந்தது, இத்தனை நாளாய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய் அலைந்தது பிள்ளைக்காக மட்டும் இல்லை, அவனை வீட்டுக்குக் கூட்டி வரவும்தான் என்று. பஸ் போய் வெகுநேரமாகியும் அவள் அங்கேயே நின்றாள். அன்று வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை.